ஊசி நாள்

ஜூன் 6

சமுதாயக் கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. ஓடாத ஃபேனுக்குக் கீழேதான் ஆஸ்பத்திரி பேனரைக் கட்டினோம். ‘எலும்பே உடலின் தூண்’ என்று எழுதியிருந்தது. வந்து உட்கார்ந்த பெண்களில் பாதிப் பேருக்குத் தூண் ஏற்கெனவே கூனியிருந்தது. எல்லோரும் தறிப்பட்டறைகளில் தேய்ந்தவர்கள். இளமையில் தறி ஓட்டினார்கள், கண் மங்கியதும் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனார்கள். முதலாளிகள் தறியை மாற்றுவார்கள், மோட்டாரை மாற்றுவார்கள். இவர்களை மாற்ற வேண்டியதில்லை. தாமாகவே உதிர்ந்துவிடுவார்கள்.

டாக்டர் சென்னியப்பன் மைக்கில் பேசினார். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள் எப்படி அரிக்கிறது, தடுக்கி விழுந்தாலே ஏன் முறிகிறது என்று விளக்கினார். முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். பிறகு மைக் என்னிடம் வந்தது. இந்த எலும்பு மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர்களை இரண்டு வருடம் நழுவ விடாமல் வைத்திருப்பதும் என் வேலை. அடையாள அட்டையில் ‘கோகிலவாணி, ஆய்வு ஒருங்கிணைப்பாளர்’ என்று இருக்கிறது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிறாள்.

மாதம் ஒரு ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதை எப்படிப் புரிய வைப்பது என்று திணறியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். பேர் பழனாத்தா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அம்மாவோடு ஒரே பட்டறையில் தார் சுற்றியவள்.

“இதென்ன கண்ணு பெரிய வெசயம்? கோயில்ல பூக்கட்டிப் பாக்கறதில்லையா? பொட்டலத்துக்குள்ள வெள்ளப் பூவா செவப்புப் பூவான்னு பூசாரிக்கே தெரியாது. வெள்ள வந்தா மருந்து, செவப்பு வந்தா தண்ணி. அவ்வளவுதானே?”

கூடமே தலையாட்டியது. இனி எல்லாக் கூட்டத்திலும் இதையே சொல்லப்போகிறேன்.

கடைசியில் சோர்வு தட்டியது. நான் சொன்னேன்: “பாருங்கம்மா, ஊசியும் போட்டுட்டு, உழுந்து கிழுந்து எலும்ப ஒடச்சுக்கிட்டு வந்து நின்னீங்கன்னா எனக்கு வேல போயிரும். சாக்கிரதையா இருந்துக்கோங்க.”

பெரிய சிரிப்பு. “அப்ப உன்ற வேல எங்க இடுப்புல இருக்குதுன்னு சொல்லு!” என்றாள் பழனாத்தா. இன்னும் பெரிய சிரிப்பு. அதற்குப் பிறகுதான் பேர் கொடுக்க வரிசை கட்டினார்கள். கூட்டத்தைப் பிடிக்க எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

ஜூன் 19

சம்மத வீடியோ. ஆய்வில் சேருகிறவர் எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறார் என்பதற்குப் படம் வேண்டும். பெண்கள் கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தார்கள். பட்டுச்சேலை, கனகாம்பரம், பவுடர். ஒருத்தி மூக்குத்தியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

நான் படித்தேன். ஆய்வில் இருக்கும்போது எலும்பு முறிந்தால் வைத்தியச் செலவு முழுவதும் மருந்துக் கம்பெனியுடையது, முறிந்ததற்காக யாரையும் நீக்க மாட்டார்கள், தேவைப்பட்டால் வேறு நல்ல மருந்துக்கு மாற்றுவார்கள். பக்கம் பக்கமாகப் படித்தேன். வேகமாகத்தான் படித்தேன், வெளியே வரிசை நின்றது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. “மூஞ்சி நல்லா உழுகுதா கண்ணு?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஜூலை 3

முதல் ஊசி நாள். எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன். இவர்கள் அதற்கு ‘எலும்பு எடை போடற மிஷின்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ரவிக்கையில் ஊக்கு இருந்தால் படத்தில் தெரியும் என்பதால் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றினால் ரவிக்கை நிற்காது. எல்லா ரவிக்கையிலும் கொக்கி போய் ஊக்குதான் மிச்சம். துணி நெய்கிறவர்களுக்கு.

பழனாத்தாவின் இடுப்பு எண் மிக மோசம். எண்பது வயதுக்காரிக்கு வர வேண்டியது. இவளுக்கு அறுபத்துமூன்று.

“என்ன சொல்லுது மிஷினு?”

“கொஞ்சம் கம்மியா இருக்குது பெரிம்மா.”

“கம்மியாத்தான் இருக்கும். மொத்தமும் பட்டறைக்காரன் எடுத்துக்கிட்டானே.”

ஆகஸ்ட் 7

குழாய்த் தண்ணீர் இன்று வந்தது, பிடிக்க ஆளில்லை. ஊசி நாள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள்வி கேட்க வேண்டும். கீழே விழுந்தீர்களா? எலும்பு முறிந்ததா? வேறெங்காவது வைத்தியம் பார்த்தீர்களா? தனி அறை இல்லை. இருந்த அறையில் டாக்டரின் மச்சானுடைய மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அதனால் வராந்தாவில் நின்று எல்லோரிடமும் ஒன்றாகக் கேட்டேன்.

“யாராச்சும் உழுந்தீங்களா?”

“இல்லீங்க.”

“ஒடஞ்சுதா?”

“இல்லீங்க.”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே இழுப்பு. நர்ஸுகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சீக்கிரம் முடிந்தது.

செப்டம்பர் 4

ஊசி நாள். டீ கொடுக்கும்போது பழனாத்தா இடது கையால் டம்ளரை வாங்கினாள்.

“என்ன பெரிம்மா, சோத்துக்கையில வாங்க மாட்டீங்களா?”

“அந்தக் கையெல்லாம் எண்ணெ கண்ணு. தலைக்குத் தேச்சேன்.”

வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இன்னும் சிலரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போடும் அறையில் புது ஏசி. இவர்களுக்குக் குளிர் பழக்கமில்லை. அறையில் ஏதோ நாட்டு மருந்து வாடை, முட்டையும் எண்ணெயும் கலந்தது போல. நர்ஸ் மூக்கைப் பொத்தினாள். அவளைத் திட்டினேன். ஏழைகள் மேல் வாடை வந்தால் மூக்கைப் பொத்துகிற கைதான் ஞாயிற்றுக்கிழமை இலவச முகாமில் செல்ஃபி எடுக்கிறது.

செப்டம்பர் 5

சிலிண்டர் தீர்ந்தது. அம்மா விறகு வாங்கி வந்தாள். விரல் முழுக்கச் சிராய்ப்பு.

அக்டோபர் 9

நீளமாக எழுத வேண்டும். காலையில் ஒரு நாள், மாலையில் வேறொரு நாள்.

காலையில் ஊசி நாள். கம்பெனியிலிருந்து கண்காணிப்பாளர் மேடம் வந்திருந்தார். மற்ற எல்லா ஆய்வு மையங்களிலும் எலும்பு முறிவுகள் வந்துகொண்டிருக்கின்றன, நம் மையத்தில் ஒன்றுகூட இல்லை. “எப்படிப் பண்றீங்க?” என்று கேட்டார். டாக்டர் என்னைக் கை காட்டினார். “இவதாங்க. அந்த அம்மாங்களுக்கு இவள்னா உசுரு.” அடுத்த வருடம் புது மையங்களுக்கு என்னைப் பயிற்சி கொடுக்க அனுப்பலாம் என்றார் மேடம். சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் எண்ணெய் வழுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். “மாவுக்கட்டுப் போட்டு மாசக்கணக்குல உக்கார வெப்பாங்க. வையாபுரிகிட்ட போனா நாளான்னிக்கு வேலைக்குப் போயிரலாம்.” எலும்பு ஆய்வில் வேலை பார்ப்பவளின் அம்மா. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வையாபுரி கடைக்கே போனேன்.

‘எலும்பு முறிவு வைத்தியசாலை’ என்று பலகை. உள்ளே பெஞ்சு. பெஞ்சில் பழனாத்தா. அவளுக்குப் பக்கத்தில் ரங்கநாயகி. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர். எல்லோரும் காலையில் என் வராந்தாவில் உட்கார்ந்து “இல்லீங்க” சொன்னவர்கள். என்னைப் பார்த்ததும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் முந்தானைக்குள் போயின.

வையாபுரி கட்டுக்கு வைக்கும் மூங்கில் பத்தைகளை அடுக்கிக்கொண்டே சிரித்தான். “வாங்க வாங்க. உங்க ஆஸ்பத்திரி திங்கக்கிழமைதான் நமக்கு வேல சாஸ்தி. காலைல அவுக்கறது, சாயங்காலம் கட்டறது. ஏனுங்க, உங்க ஊசி நாள வாரக் கடைசிக்கு மாத்துனா என்ன? திங்கக்கிழமை எனக்குச் சந்தை இருக்குது.”

நான் பழனாத்தாவின் கையை இழுத்தேன். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

“எப்ப பெரிம்மா?”

“ஆவணி அவிட்டத்துக்கு முன்னால. பாத்ரூம்ல வழுக்கீருச்சு. சும்மா கைய ஊனுனேன், படக்குன்னுது.”

“இப்பிடி அவுத்து அவுத்துக் கட்டுனா எப்பிடிக் கூடும்?” என்று நான் வையாபுரியிடம் கத்தினேன்.

“கூடாதுங்க. நானும் சொன்னேன். கேக்கோணுமில்ல? ஊசிக்குக் கட்டோட போகமாட்டோம்னு ஒரே புடி.”

“ஏன் பெரிம்மா? ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். நான்தான் எதையோ மறந்துவிட்டது போல. “நீதானே கண்ணு சொன்னே. நாங்க ஒடச்சுக்கிட்டு வந்தா உனக்கு வேல போயிரும்னு. கொப்பனும் இல்ல, கொம்மா எத்தன நாளைக்குத் தார் சுத்துவா? கையி போனாப் போவுது போ.”

ரங்கநாயகி சொன்னாள்: “எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். ஒருத்தி சொன்னாலும் மாட்டிக்குவோமில்ல?”

அம்மா நொண்டிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். “தெருவுக்கே தெரியும்,” என்றாள். “உனக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

ஒரு விளையாட்டுப் பேச்சு. எது விளையாட்டு, எது நிஜம் என்றுகூடப் பிரிக்கத் தெரியாதபடி இந்தப் பெண்களை ஆயுள் முழுக்க மிரட்டி வைத்தது யார்? பட்டறை முதலாளி. புருஷன். ரேஷன் கடைக்காரன். படித்தவன் வாயிலிருந்து வருவதெல்லாம் உத்தரவு என்று பழக்கியிருக்கிறார்கள். நாடே இப்படித்தான்.

அக்டோபர் 10

டாக்டரிடம் சொன்னேன். ஐந்து பேருக்காவது கை முறிவு, மறைத்திருக்கிறார்கள், இன்னும் இருக்கலாம் என்றேன்.

“ஏன் மறைக்கறாங்க?”

“பயம் சார்.”

“எதுக்குப் பயம்?”

“பொதுவா... பயம்தான் சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “எக்ஸ்ரே இருக்குதாம்மா?”

“இல்ல. எடுத்தாத் தெரியும்.”

“எக்ஸ்ரே இல்லாட்டி அது முறிவு இல்ல. வீக்கம். இந்த ஆய்வோட விதியே அதுதான். வையாபுரி சொன்னான்னு நான் பெங்களூர்ல கம்பெனிக்கு எழுத முடியுமா?”

“மருந்து வேல செய்யுதா இல்லையான்னு எப்பிடி சார் தெரியும்? ஒடஞ்சதெல்லாம் வெளியவே வரலீன்னா, தண்ணி ஊசிகூட நல்ல மருந்துன்னு ஆயிராதா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கோகிலா, இப்ப எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தா நம்ம சென்டரை மூடீருவாங்க. மூடுனா இவங்களுக்கு யாரு ஸ்கேன் எடுப்பா? யாரு கால்சியம் மாத்திரை குடுப்பா? கவர்மெண்டா? நீயா? கொஞ்சம் பொறு. நான் பக்குவமாப் பாத்துக்கறேன்.”

ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு நானே எழுதுவேன். நாளைக்கு.

அக்டோபர் 13

அம்மா கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்: “குழுவுக்கு எழுதறதெல்லாம் அப்பறம் எழுது. மொதல்ல வாய்க்காத் தெருவுக்குப் போயி, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், கட்டோட வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லீட்டு வா. அவ்வளவுதான் வேண்டியது.”

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அக்டோபர் 15

மழை. வாய்க்கால் பாலத்தில் தண்ணீர். போகவில்லை.

அக்டோபர் 22

புது மையங்களுக்கான பயிற்சிப் பாடத்தை மேடம் அனுப்பச் சொன்னார். ‘பங்கேற்பாளரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி’ என்று ஒரு பகுதி. பூக்கட்டிப் பார்க்கும் உதாரணத்தைச் சேர்த்தேன். ஞாயிறு முழுவதும் இதற்கே போய்விட்டது.

அக்டோபர் 29

அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை. கடைவீதியில் ரங்கநாயகியைத் தூரத்தில் பார்த்தேன். கூட்டம் அதிகம். கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.

நவம்பர் 6

ஊசி நாள். பழனாத்தா கட்டில்லாமல் வந்தாள். மணிக்கட்டில் பத்தைகள் பதிந்த தடம் தெரிந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், இரண்டு பேரும் கூட்டாளிகள் மாதிரி. அன்றைக்குக் கடையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நானும் அவர்கள் பக்கம். அப்படித்தான் அவள் எண்ணியிருக்க வேண்டும்.

தனியாகக் கூப்பிட்டுப் பேச நினைத்தேன். வரிசை நீளம். மேடம் போனில் இருந்தார். ஊசி போட்டு, டீ கொடுத்து அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் ஸ்டாப். சத்தம் கேட்டு ஓடினேன்.

ரங்கநாயகி சொன்னது: டவுன் பஸ் வந்தது. இவர்கள் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்தான். “ஓசி டிக்கெட்டுக்கு இத்தன நேரமா ஏறுவீங்க?” பழனாத்தா ஒரு காலைப் படியில் வைத்து, வலது கையால் கம்பியைப் பிடித்தாள். பஸ் நகர்ந்தது. அந்தக் கையில் பிடி இல்லை. ரோட்டில் இடுப்பு அடிபட விழுந்தாள். பஸ் நிற்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டுக்குக் கீழே முழு முறிவு. கட்டு இருந்திருந்தால் அந்தக் கையால் கம்பியைப் பிடிக்கவே போயிருக்க மாட்டாள். ரங்கநாயகி பிடித்து ஏற்றியிருப்பாள்.

கண்டக்டர். அவன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள். இலவசம் என்றால் ஏழைக்குப் பிச்சை, பணக்காரனுக்குச் சலுகை. இந்த ஊரில் கிழவிகளுக்காக யாரும் அரை நிமிடம் நிற்க மாட்டார்கள்.

யாரும் நிற்கவில்லை.

நவம்பர் 7

வார்டில் பார்த்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முகம் வெளிறியிருந்தது. மகன் முருகவேல் காலடியில் நின்றான். பட்டறையில் லீவு இல்லையாம், சீக்கிரம் சொல்லுங்க என்றான்.

நான் அவனிடம் சொன்னேன்: இது ஆய்வுக் காலத்தில் நடந்த முறிவு. ஆபரேஷன் முதல் எல்லாம் கம்பெனி பார்க்கும். பயப்படாதே. நான் எழுதுகிறேன்.

இந்த முறை எக்ஸ்ரே இருக்கிறது. யாரும் வீக்கம் என்று சொல்ல முடியாது.

நவம்பர் 9

எழுதிவிட்டேன். ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கிக் கை முறிந்தது. நாட்டுக்கட்டு. ஊசி நாட்களில் கட்டை அவிழ்த்து வந்தது. அதனால் கை கூடாதது. பிடி இல்லாமல் பஸ் படியிலிருந்து விழுந்தது. மற்ற நான்கு பேரின் பெயர். ஏன் அவிழ்த்தார்கள் என்ற இடத்தில் ‘அச்சம் காரணமாக’ என்று எழுதினேன். அதுவும் உண்மைதான்.

டாக்டரின் மேஜையில் வைத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். “நல்லா எழுதியிருக்கே. அனுப்பலாம். பேஷண்ட் வாயால ஒரு வாக்குமூலம் வேணும். வீடியோ எடுத்துருவோம். அவங்க சொன்னா நான் மறுக்கல.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நவம்பர் 10

கேமரா பிடித்தது நான்தான்.

பழனாத்தா நர்ஸிடம் முகம் துடைத்துவிடச் சொன்னாள். தலையைச் சீவச் சொன்னாள். கனகாம்பரம் இல்லையா என்று கேட்டாள். வலியில் உதடு கடித்துக்கொண்டேதான் இதெல்லாம். டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“எப்பிடிம்மா அடிபட்டுது?”

“பஸ்ஸு இடிச்சுத் தள்ளீருச்சுங்க.”

“நீங்களா உழுவலையா?”

“நான் எதுக்குங்க உழுவறேன்? எலும்பு இரும்பாட்ட இருக்குது. ஊசி போட்டதுலருந்து மாடிப்படி ஓடி ஏறறேன்னாப் பாத்துக்கோங்க. இந்தப் பாழாப்போன பஸ்ஸுதான்.”

“இதுக்கு முன்னால கை முறிஞ்சுதாமே? வையாபுரிகிட்டக் கட்டுனீங்களாமே?”

“யாரு சொன்னது? எம்பட கைக்கு என்னுங்க, நல்லா இருக்குது.” வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை. அவள் டாக்டரையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. கேமராவுக்கு மேலே என்னைப் பார்த்தாள். பரீட்சையில் நன்றாக எழுதிவிட்ட பிள்ளை பார்ப்பது போல.

வாக்குமூல வீடியோவில் ஒருங்கிணைப்பாளர் குரல் பதியக் கூடாது. அது விதி. நான் பேசியிருந்தால் வீடியோ செல்லாமல் போயிருக்கும். முடிந்தவுடன் டாக்டர் கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நேரமே இல்லை.

அவர் போனதும் என் கையைப் பிடித்தாள். “ஒண்ணும் வராதில்ல கண்ணு உனக்கு? காப்பாத்திப்போட்டேன் பாரு.”

சாயங்காலம் டாக்டர் எழுதினார். வாகனம் மோதியதால் ஏற்பட்ட காயம். வாகன விபத்தில் முறிகிற எலும்பை ஆய்வு கணக்கில் எடுப்பதில்லை, எந்த எலும்பாக இருந்தாலும் முறியும் என்பதால். மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செலவுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. கை வீக்கம் பற்றிப் பங்கேற்பாளர் மறுத்துவிட்டார். என் அறிக்கையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீயே வெச்சுக்கோ. பேஷண்ட் சொல்லாதத நாம சொல்லக் கூடாதில்ல?”

நவம்பர் 11

முருகவேல் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். “கம்பெனி பாக்கும்னீங்களே,” என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆம்புலன்ஸில் ஏறினான்.

நவம்பர் 12

தீபாவளி. அம்மா புதுச்சேலை கட்டவில்லை.

நவம்பர் 24

அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கட்டும், பிறகு ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போனார்களாம். முருகவேல் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். கூட இருக்க ஆளில்லை. அவன் இல்லாமல் தறி நிற்கிறது, தறி நின்றால் முதலாளி வேறு ஆளை விடுவான்.

வையாபுரி வீட்டுக்கே வந்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை மூங்கில் வைத்துக் கட்டினானாம். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு கால் குட்டையாகிவிட்டதாம். இனி எழுந்திருக்க மாட்டாள் என்றாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழுவினாள்.

முட்டை வெள்ளையால் இடுப்பு ஒட்டுமா? மூடர்கள். சந்திரனுக்கு ராக்கெட் விடும் தேசத்தில்.

நவம்பர் 30

பயிற்சிக்கு ஆர்டர் வந்தது. ஜனவரியிலிருந்து மூன்று ஊர்கள். கடிதத்தில் ‘ஒரு முறிவுகூடப் பதிவாகாத மையத்தின்’ என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதலாம். இன்னும் நாள் இருக்கிறது.

டிசம்பர் 4

ஊசி நாள். வர முடியாதவர்களிடம் வீட்டுக்குப் போய்க் கேள்விகளைக் கேட்டு வர வேண்டும். விபத்தானாலும் அவள் பேர் ஆய்வில்தான் இருக்கிறது. வாய்க்கால் பாலம் காய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ‘பெரிம்மா, நான் அன்னிக்குச் சும்மா சொன்னேன். நீங்க எல்லாரும் ஒடச்சிருந்தாலும் என் வேலைக்கு ஒண்ணும் ஆயிருக்காது.’ பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரே அறை. கயிற்றுக்கட்டில். மூங்கில் பத்தைகள் போர்வைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அந்த முட்டை வாடை. இன்று மூக்கைப் பொத்தத் தோன்றியது எனக்கு. என்னைக் கண்டதும் அவள் முகம் விரிந்தது.

“வா கண்ணு. மேல போட்டிருக்காங்களாம்ல உன்னய? கொம்மா சொன்னா. மூணு ஊருக்கு!”

“ஆமாங்க பெரிம்மா.”

“பாத்தியா,” என்றாள், கூரையைப் பார்த்து. யாரிடமோ சொல்வது போல. பிறகு மெதுவாக, “எனக்கு வந்தது செவப்புப் பூவாட்ட இருக்குது. பரவால்ல போ. உனக்கு வெள்ள உழுந்துருச்சில்ல.”

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் கொடுத்த கையும் இடுப்பும் ஒன்றுமில்லாத ஒரு பேச்சுக்குப் போனது என்றாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவள் இந்தக் கட்டிலில் கிடக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். நல்ல காரணம்தான். இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்விகளை எடுத்தேன்.

“போன ஊசிக்கப்பறம் எங்கயாச்சும் உழுந்தீங்களா?”

“இல்லீங்க.” அதே வராந்தா இழுப்பு. கட்டில் ஆடச் சிரித்தாள். சிரித்ததில் வலித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“எலும்பு எதுவும் முறிஞ்சுதா?”

“இல்லீங்க.”

“வேற எங்கயாவது வைத்தியம் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

டிக் போட்டேன். பெருவிரலில் மை தடவ வேண்டும். வலது கை மடங்கியே கிடந்தது. இடது கையை நீட்டினாள். ரேகை எல்லாம் நூல் ஓடி அழிந்திருந்தது. மை சரியாகப் பதியவில்லை. போதும் என்று எழுந்தேன்.

வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

“கண்ணு, பஸ்ஸுல பாத்து ஏறு. நீ உழுந்துட்டீன்னா அப்பறம் எங்களயெல்லாம் யாரு எழுதிக்கறது?”